பச்சைச் சட்டையில் அப்பா

பெரியவன் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவன். எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டாலும், காலரில் ஒரு சுருக்கம் தெரிந்தால் திரும்ப எடுத்துத் தேய்க்காமல் விடமாட்டான். தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் கை நின்றுவிடும். "எங்க குட்டி இருக்காளே, ஸ்டுடியோவுல உக்காந்த இடத்துலேயே ஆளைக் கடல்ல நிறுத்துவா, மலை உச்சியில ஏத்துவா!"

அதில் மிகையில்லை. ஸ்டுடியோவின் பின்னறையில் சுவர் முழுக்கப் பச்சைத் துணி. அதன் முன் ஆளை நிறுத்திப் படமெடுப்பார்கள். குட்டி கம்ப்யூட்டரில் அந்தப் பச்சையைத் தொட்டுக் காட்டினால், படத்தில் எங்கெல்லாம் பச்சை உண்டோ அத்தனையும் போய்விடும். காலியான இடத்தில் கடலோ மலையோ வைக்கலாம். தலைமுடியோரம் ஒட்டிய பச்சைச் சாயலைக்கூட ஒவ்வோர் இழையாகத் துடைப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழகிப் பார்க்க அப்பாவை இழுத்துப்போனாள். அவர் கிடங்குக் காவலாளி. கேமரா என்றாலே காத தூரம் ஓடுகிறவர் மகளுக்காக நின்றார், வேலைக்குப் போட்டிருந்த யூனிஃபார்மோடு. இடுப்பு வரைக்கும்தான் படம், சட்டையும் பச்சை. குட்டி பச்சையைத் தொட்டதும் சுவர்த் துணியோடு சட்டையும் போயிற்று. பின்னால் வைத்த மலைக்கு மேலே அப்பாவின் தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதந்தன.

"என்னடி, என்னை அரைகுறையா அனுப்பி வெச்சிட்ட?"

"உங்க சட்டைக்கு டிக்கெட் எடுக்கலப்பா!"

சிரித்த சிரிப்பில் அப்படியே சேவ் செய்துவிட்டாள், எடுத்த படத்தின் மேலேயே. அசல் படம் அதோடு போயிற்று.

போன வாரம், சாப்பிட்டுச் சாய்ந்த அப்பா எழவில்லை. சுவரில் மாட்டப் படம் தேடினால், பழைய கல்யாணப் படமும் இதுவும்தான் கிடைத்தன.

"சின்னப் பையன் படத்தைப் பாத்து நான் என்னத்தை அழறது? கடைசியா இருந்த மாதிரி வேணும்," என்றாள் அம்மா.

குட்டி அண்ணனைத் தனியே இழுத்துப்போனாள். "எடுத்த படம் இல்லண்ணே. அப்பா உடம்பை நானே துடைச்சுப் போட்டுட்டேன்."

"போனது சட்டைதானே? சட்டை வீட்டுல இருக்கு."

பெரியவன் அதைத் துவைக்காமலே போட்டுக்கொண்டான். அப்பாவுக்கும் அவனுக்கும் ஒரே அளவு. இந்த முறை பச்சைத் துணி வேண்டாமென்று வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினாள்.

"இடது தோளை இறக்குண்ணே. அப்பா அப்படித்தான் நிப்பாரு."

அண்ணன் உடம்பில் அப்பாவின் தலையைப் பொருத்தினாள். கழுத்தும் காலரும் சேரும் இடத்தைப் பெரியவன் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினான், ஒட்டு தெரியவில்லை. பெருமையாக இருந்தது. இந்த நேரத்தில் போய்ப் பெருமையா என்று கூச்சமாகவும் இருந்தது.

அம்மா படத்தை மடியில் வைத்து முகத்தைத் தடவினாள். விரல் தோளுக்கு இறங்கியதும் நின்றது.

"இது யாரு தோளு?"

குட்டி அண்ணனைப் பார்த்தாள்.

"பெரியவன்தானே? பெத்து வளத்தவளுக்குத் தெரியாதா? செத்தவர் படத்துல உயிரோட இருக்கற பிள்ளையைக் கொண்டு வெப்பாங்களாடி? தினம் இது முன்னாடி நின்னு நான் யாரை நினைச்சு அழுவேன்?"

"வேற வழி தெரியலம்மா..."

"முகம் போதும். அதையாவது விட்டு வெச்சியே."

மறுநாள் பெரியவன் கடைக்குப் போகவில்லை. ஸ்டுடியோவில் தங்கைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவள் தோளை அழித்தாள், கைகளை அழித்தாள், பொத்தான்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தைப் பரப்பினாள். கழுத்து அதில் மெல்லக் கரைந்தது. பெரியவன் அவள் தலையில் கை வைத்தான்.

முன்னறையிலிருந்து முதலாளி கூப்பிட்டார். "குட்டி, கஸ்டமர் வந்திருக்காங்க. பின்னாடி கடல் வேணுமாம், நல்லா அலையடிக்கற கடலா!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க சார். எங்கப்பா படத்தை முடிச்சிட்டு வரேன்."