சரோஜா அக்காவோடு பாதியில் நிற்கும் பாட்டு

வியாழக்கிழமை காலை பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் ஃபெர்ரி ஏறி உட்கார்ந்த பிறகுதான் போன் வந்தது. சரோஜா அக்காவின் மகள் தேவி. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் அக்காவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஃபெர்ரி நடுக்கடலில் இருந்தது. எழுந்து நின்றேன். நின்று என்ன செய்ய? அது சேரும்போதுதான் கரை சேரும். மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலையில் கிட்டார் மாதிரி நாலு தந்தி உள்ள யுகுலேலே வாசிக்கும் நம் குழுவில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. தொழிற்சாலையில் இருபது வருஷம் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். ஓய்வு பெற்றதும் என்னை இங்கே இழுத்து வந்தது அவர்தான். நம் கையிலெல்லாம் சின்னது. அவர் கையில் மட்டும் பெரியது, தாழ்ந்து ஒலிக்கும் பாரிடோன், மருமகன் வாங்கித் தந்தது. நம்முடைய தந்திகளின் சுரம் ஜி, சி, இ, ஏ. அவருடையது டி, ஜி, பி, இ. கிட்டாரின் கடைசி நாலு தந்தி மாதிரி. நாம் சி என்று ஒரு விரல் வைக்கிற இடத்தில் அவர் வைத்தால் ஜி வரும். நம்மோடு சேர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வேறு விரல் பழகினார். "உங்களுக்கு ஒரு விரலு, எனக்கு ரெண்டா? நியாயமா லா இது?" என்று வழக்கம்போல ஒரு 'லா' போட்டுச் சண்டை பிடிப்பார். பிறகு சரியாக வாசிப்பார்.

எனக்கு அப்போது இதெல்லாம் புரியவில்லை. ஒருநாள் அக்கா தேநீர் வாங்கப் போயிருந்தார். உதவி செய்கிறேன் என்று அவருடையதை எடுத்து, என்னுடையதைப் போலவே ஒலிக்கட்டும் என்று கடைசித் தந்தியை ஏ வரைக்கும் முறுக்கினேன். பட்டென்று அறுந்து என் கையில் அடித்தது.

"ஏய் செல்வி, என்னா செஞ்ச?"

"உங்களுது சத்தம் இறங்கிப் போயிருந்துச்சுக்கா. ஏத்தினேன்."

"இறங்கல லா. அது இருக்கிற எடமே அங்கதான். உன் குட்டி மாதிரி இதையும் கத்தச் சொன்னா? அறுந்துதான் போவும்."

திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார்.

பக்கவாதம் வந்து அவருடைய இடது கை விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக இருந்தது, குரல்தான் தாழ்ந்துவிட்டது. வீட்டுக்குப் போனால் பெரியதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். அவர் போவதற்கு முந்தின வியாழக்கிழமை அவரே சொன்னார்: "ஒரு பாட்டு முழுசா வாசிக்கணும் செல்வி. வலது கை நல்லாத்தானே இருக்கு. நீ அழுத்து, நான் தந்தியத் தட்டுறேன்." முளைகளை அவரே ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி சேர்த்தார். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து என் இடது கையை வைத்தேன். எனக்குத் தெரிந்தது சின்னதின் விரல்தான். சி வைத்தேன், ஜி வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"தப்பா வருதுக்கா."

"தப்புன்னு சொல்ல யாரு இருக்கா இங்க? நாம ரெண்டு பேருதானே. உன் விரலுக்குத் தெரிஞ்சத வை. நான் கீழ இறக்கிப் பாடிக்கிறேன்."

அப்படியே பாடினார். பாட்டு முழுக்கத் தாழ்ந்து வந்தது, ஒரு இடத்திலும் தப்பாக இல்லை. பாதியில் களைத்துவிட்டார். "மீதி அடுத்த வியாழக்கிழமை" என்றார். புதன்கிழமை வரைக்கும் வீட்டில் அந்த மீதியைப் பழகினேன்.

தேவி பெரியதை என்னிடம் கொடுத்துவிட்டாள். இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் தந்தி நாளுக்கு நாள் தளர்கிறது. முறுக்கினால் அக்கா வைத்த சுருதி போய்விடும். முறுக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. எது செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது அந்தப் பாட்டின் இடது கைப் பங்கு. வியாழக்கிழமைகளில் எடுத்து வைத்துக்கொண்டு, மீதிப் பாதியைக் கடைசி வரைக்கும் விரல் மாற்றி மாற்றி அழுத்துகிறேன். தட்டுவதில்லை. அது அவர் வேலை.