வெள்ளிக்கிழமைச் சோளரொட்டி

போன வெள்ளிக்கிழமை நானும் கணவரும் பாரிசின் லா சப்பலில் இருக்கும் அந்த மெக்சிக்கோ உணவகத்துக்குப் போனோம். அதே மஞ்சள் சுவர், கூரையில் அதே வண்ணக் காகிதத் தோரணம். மேசைவிரிப்பில் அச்சடித்த தர்ப்பூசணிகள் மட்டும் வெளிறிப்போய்விட்டன. சோளரொட்டி வந்தது, கறுப்பு அவரை வந்தது. வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும் போட்ட அந்தச் சின்னக் கிண்ணம் வரவில்லை. அதைச் செய்து அனுப்பியவர் ஓய்வுபெற்று மகளோடு தெற்கே போய்விட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது? கணவரிடம் காட்டினேன். அவருக்கு அது பழகிப்போன விஷயம்.

அந்த உணவகத்தை நாங்கள் ருசிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. லா சப்பலில் ஒரு தமிழ்ப்பெண் ஓர் ஆணோடு உட்கார்ந்து தேநீர் குடித்தால், தேநீர் ஆறுவதற்குள் செய்தி கூசேன்வில்லுக்குப் போய்விடும். பாரிசுக்கு வெளியே, கூசேன்வில்லில்தான் எங்கள் வீடு இருந்தது. அப்பா விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்தார். அவரோடு வேலை செய்தவர்களில் யாரைக் கேட்டாலும் லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஒரு மச்சானைக் காட்டுவார்கள். தோசைக் கடை, கொத்துரொட்டிக் கடை, நகைக்கடை, புடவைக்கடை என்று எங்கே திரும்பினாலும் கண். அந்தக் கண்களுக்கு நடுவில், ஒரு குறுக்குத் தெருவில், தமிழர் யாரும் எட்டிப் பார்க்காத கடையாக எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான். எங்கள் ஆட்கள் காசு கொடுத்து அவரைக்கொட்டை தின்ன வரமாட்டார்கள் என்று, இன்றைக்குக் கணவராக இருப்பவரிடம் அன்று அடித்துச் சொன்னேன்.

அவரும் நானும் பொபினியில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தோம். அவர் புதுச்சேரிக்காரர், இந்து. நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கப் பெண். அம்மா இறந்தபின் என்னைத் தனியாளாக வளர்த்தவர் அப்பா. பாடசாலைக்கு என் தலையைப் பின்னி அனுப்பியதும் அவர்தான், கோணல்மாணலாக. அவருடைய சம்மதம் இல்லாமல் எனக்குக் கலியாணம் கிடையாது. சம்மதம் கேட்கவோ எனக்கு வாய் வரவில்லை. மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் இருவரில் ஒருவரை நான் இழக்க வேண்டும். அதனால் கேட்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் சோளரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் வேலை கூட என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மற்ற நாட்களில் நான் எவ்வளவு பிந்தி வந்தாலும் கோப்பையில் சோறு போட்டு மூடி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் சட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும். வயிறு நிறைந்திருந்ததால் அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை.

உணவகத்தில் எங்களுக்கு நல்ல மரியாதை. சில வாரங்களிலேயே, கேட்காமலே அந்த வெங்காயக் கிண்ணம் மேசைக்கு வரத் தொடங்கியது. அசல் சம்பல்தான், தேங்காய் இல்லாத குறை ஒன்றுதான். மெக்சிக்கோக்காரர்கள் நம் நாக்கை எப்படிப் புரிந்துகொண்டார்கள் பார் என்று இருவரும் வியந்தோம். முதலாளியம்மாவைப் பார்த்துப் பல்லைக் காட்டி நன்றியும் சொன்னோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. என் சொந்த அப்பாவே பாரிசுக்கு வந்த புதிதில் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவியவர். இந்த நகரத்தில் மேசையில் யார் இருந்தாலும் குசினிக்குள் அடுப்படியில் நம்முடைய ஆள் ஒருவர் நிற்பார் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் காதலிக்கிற பெண்ணுக்குக் குசினி எங்கே தெரிகிறது?

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் கோழி கேட்டோம். அவருக்குக் கோழி வந்தது. என் தட்டில் அவரை, உருளைக்கிழங்கு, சோளரொட்டி. தட்டு மாறிவிட்டது என்றேன். முதலாளியம்மா தோளைக் குலுக்கிக் குசினிப் பக்கம் கையைக் காட்டினார். கதவு திறந்தது. வெள்ளை ஏப்ரனோடு வந்து நின்றவர், அப்பா பாரிசுக்கு வந்த காலத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர். ஞாயிறு தமிழ்ப் பூசையில் எங்களுக்கு முன்னால் உள்ள வாங்கில் உட்காருபவர். ஏதோ ஒரு குசினியில் வேலை என்று தெரியும். எந்தக் குசினி என்று நான் கேட்டதில்லை.

"பிள்ளை, தவக்காலத்து வெள்ளிக்கிழமை கோழி தின்னப் போறியோ?"

வெள்ளிக்கிழமை என்று தெரியும், இவரைப் பார்க்கும் நாள். தவக்காலம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

"மாமா, அப்பாட்டைச் சொல்லிப் போடாதைங்கோ."

"சாப்பிடு பிள்ளை, ஆறப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

"யாருங்க அவரு?" என்று கேட்டார் இவர். சொன்னேன். தவக்காலம் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு என்றும், அதன் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது என்றும் சொன்னேன். அழுகையும் சேர்ந்து வந்தது. இவர் தன் கோழித் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குசினி வாசலில் கொடுத்து, எனக்கு வந்ததையே தனக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இருவரும் அவரைக்கொட்டை சாப்பிட்டோம்.

சனிக்கிழமை முழுவதும் தொலைபேசி அடித்தபோதெல்லாம் அப்பாவுக்கு முன் ஓடிப்போய் எடுத்தேன். ஞாயிறு பூசையில் மாமா வழக்கம்போலத் தலையாட்டினார். அன்று மத்தியானம் அப்பா மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"வாற வெள்ளிக்கிழமை நானும் வாறன்."

"எங்கையப்பா?"

"நீ போற இடத்துக்குத்தான். அந்தத் தம்பியையும் வரச் சொல்லு."

அப்பா பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தோரணத்தைப் பார்த்தார், விரிப்பைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமலே மூன்று தட்டு அவரைக்கொட்டை வந்தது, நடுவில் சம்பல் கிண்ணத்தோடு. அப்பா பாதி ரொட்டியை முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"தம்பி, போன கிழமை உங்கடை கோழியை ஏன் திருப்பிக் குடுத்தனீங்கள்? உங்களுக்குத் தவக்காலம் இல்லையே."

"அவங்க சாப்பிடாதப்போ நான் மட்டும் எப்படிங்க சாப்பிடறது?"

அப்பா இவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை என்று கண்டுகொண்ட பிறகுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. குசினிக் கதவு லேசாகத் திறந்திருந்தது.

"அப்பா, மாமா எப்ப சொன்னவர்?"

"நீங்கள் முதல் வந்த அண்டைக்கே சொல்லிப்போட்டான்."

"அப்ப ஏன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வெள்ளிக்கிழமையளிலை உனக்குச் சோறு எடுத்து வைக்கிறேல்லையே, கவனிக்கேல்லையோ?"

சம்பல் காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன். அப்பா கிண்ணத்தை இவர் பக்கமாக நகர்த்தினார்.

"வாற வெள்ளி வீட்டை வாங்கோ, தம்பி. மூண்டு பேருக்கும் சோறு வைக்கிறன்."