அளவு கேட்ட ஆள்

உளுந்தூர்பேட்டை வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் இன்றும் எனக்குக் கோபம் வரும். யார்மீது என்பது மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கிறது.

கல்வராயன் மலையடிவாரத்து ஜவ்வரிசி மில் ஒன்றில் அம்மா மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கிற வேலை செய்தாள். அங்கே எல்லாப் பெண்களின் கட்டைவிரலிலும் கத்தி கீறிய தழும்புகள் இருந்தன. ஒருநாள் அம்மா வேப்பங்கட்டையைக் குடைந்து, விரலில் தொப்பிபோல மாட்டிக்கொள்ள ஒரு கூடு செய்தாள். நுனியில் ஒரு பிளவு, அதில் பிளேடுத் துண்டு. தோல் உரிந்தது, விரல் தப்பியது. ஆனால் ஈரத்தில் கட்டை இரண்டே வாரத்தில் விரிந்துவிடும். பிளாஸ்டிக்கில் செய்தால் மற்ற மில்களுக்கும் விற்கலாம் என்று மகளிர் குழுவில் பேசினார்கள். அதற்கு முதலில் இரும்பில் அச்சு வெட்ட வேண்டும். என்ன செலவாகும் என்று விசாரித்துவர அம்மாவை அனுப்பினார்கள். படம் வரைந்தவள் என்ற உரிமையில் நானும் போனேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் நான்கு வண்ணத்தில் வரைந்திருந்தேன்.

கள்ளக்குறிச்சிப் பட்டறைக்காரர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மரக்கூட்டை உள்ளும் புறமும் அளந்தார். என் படத்தைப் பார்த்தார்.

“படத்துல வாய் இருவது மில்லின்னு போட்டுக்கீது. கட்டையில இருவத்திமூணு வருது. எத்த நம்பி ரேட்டு சொல்றது? எத்தினி பீஸு வேணும்? எந்த பிளாஸ்டிக்கு? எல்லாரு வெரலும் ஒரே சைஸாம்மா?”

அம்மா மரக்கூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சிறுத்துப்போயிற்று.

“இந்தப் பிளவுக்கு அச்சுல தனியா ஒரு துண்டு வெக்கணும். சரியா அளவு போட்ட படம் எடுத்துக்கினு வாங்க. குத்துமதிப்பா சொன்னா பின்னாடி நீங்கதான் அழுவீங்க,” என்றார்.

நான் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அடுத்துப் போன உளுந்தூர்பேட்டைப் பட்டறைக்காரரோ நாற்காலி போட்டார். எனக்கு மாம்பழ ஜூஸ் வாங்கித் தந்தார். கட்டையை உள்ளங்கையில் ஒருமுறை உருட்டி, “இதுக்கு இன்னாக்கா படம்? பாத்தாலே தெரியுதே,” என்று அந்த நொடியே ஒரு தொகை சொன்னார்.

மறுநாள் குழுக்கூட்டத்தில், யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. நான் எழுந்தேன். “கள்ளக்குறிச்சி ஆளு அம்மாவப் பாத்து சிரிச்சாரு. கூலிக்காரிக்கு எதுக்கு இந்த வேலைன்னாரு.”

அவர் சிரிக்கவே இல்லை. அப்படியொரு சொல் அவர் வாயிலிருந்து வரவும் இல்லை. பெண்கள் கொதித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

முன்பணம் கைமாறியதும் உளுந்தூர்பேட்டைக்காரரின் தொகை வளர ஆரம்பித்தது. பிளவுக்குத் தனி, இரும்பு விலை ஏறிப்போச்சு, பாலிஷுக்குத் தனி. கடைசியில் மூட்டையாக வந்த கூடுகள் என் விரலில் கச்சிதமாக ஏறின. மில்லில் ஒருத்தியின் விரலிலும் ஏறவில்லை. கூட்டின் சுவரைத் தடிமனாக வைத்து உள்ளே குறுக்கியிருந்தார்.

அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மூட்டையோடு போய் அவர் மேஜைமேல் கொட்டினாள்.

“நீ குடுத்த கட்டைய பாத்துதான்க்கா செஞ்சேன்,” என்றார் அவர்.

“வெரலு சைஸு இன்னான்னு ஒரு வார்த்த கேட்டியாய்யா? வாயத் தொறந்து கேட்டியா? கேட்டவர வுட்டுட்டு உங்கிட்ட வந்தேன் பாரு!”

ரோட்டில் நின்ற லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே விழுந்த கூடு ஒன்றை அம்மா மிதித்தாள். அது உடையவில்லை. மறுபடி மிதித்தாள்.

அச்சு பழைய இரும்புக்குப் போயிற்று. மில்லில் மறுபடி கத்திதான். அம்மா குழுவை விட்டு விலகினாள்.

மூட்டையைக் கொட்டிய அன்று, திரும்பும் பஸ்ஸில் எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. என் பொய்யைப் பற்றி அம்மா அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். பதில் தெரியாமல் ஒரு ஆள் முன்னால் நின்றுவிட்டு வந்தவளுக்கு, அந்தப் பொய் என்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டிருக்கிறது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.