கந்தப்பர் கொடுத்த இருபது நகக் குட்டி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கந்தப்பரை அறியாதவர்கள் அவரைக் கர்வம் பிடித்த மனிதர் என்பார்கள். அறிந்தவர்களும் அதைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்தைக்குப் பின்புறம் அவருக்குச் செம்மண் தோட்டம். வாழையும் வெங்காயமும். அயலில் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் வாசலில் கட்டும் வாழை அவருடைய தோட்டத்திலிருந்து கேளாமலே போய்ச் சேரும். ஒரு கோடையில் அவருடைய தண்ணீர் இறைக்கும் மிசின் பழுதாகிவிட்டது. வேலிக்கு அப்பால் தம்பிஐயாவின் மிசின் சும்மா கிடந்தது. ஆனால் முந்திய கிழமைதான் தம்பிஐயாவின் மகளுடைய கலியாணத்துக்கு வாழைக்குலை கொடுத்திருந்தார். ஆகவே கேட்கவில்லை. வெங்காயம் கருகியது. கொடுத்த சூட்டோடு ஒன்றைக் கேட்டால் முன்பு கொடுத்தது கொடுத்ததாகாது, விற்றதாகிவிடும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் பிழை கண்டுபிடிப்பது கடினம். அதோடு ஒரே வீட்டில் வாழ்வதும் கடினம். அந்தக் கடினம் பெரும்பாலும் அவருடைய மனைவி சின்னத்தங்கத்தின் தலையில் விழுந்தது.

1983ஆம் ஆண்டு தொடங்கியபோது அவர்களுக்கு ஒரேயொரு தேவை இருந்தது. மகள் பராசக்தி மலைநாட்டில், பதுளைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தமிழருக்கு எதிரான முன்னைய கலவரத்தின்போது ஓர் இரவு முழுவதும் தேயிலைச் செடிகளுக்குள் படுத்திருந்தவள். அவளை யாழ்ப்பாணத்துக்கு மாற்றி எடுக்க வேண்டும். அதற்குத் தொகுதி எம்.பி. ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். எம்.பி. அரியாலையில் இருந்த விசாகரத்தினம், கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து. அவரிடம் போய்க் கேட்பதென்று கந்தப்பர் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி தேவைப்பட்டது.

செய்தியைக் கொண்டுவந்தவன் எம்.பி.யின் கார்ச் சாரதி நீக்கிலாப்பிள்ளை.

"கந்தப்பண்ணை, உங்கடை வெள்ளச்சி குட்டி போட்டிருக்காம். எங்கடை அம்மா இருபது நகம் உள்ள குட்டி தேடுறா. வெளிநாட்டுச் சாதி நாய் ஒண்டு எடுப்பம் எண்டு ஐயா நிண்டவர். பிறகு, தமிழற்றை தலைவர் வீட்டிலை ஊர் நாய்தான் நிக்கவேணும் எண்டு ஆரோ கூட்டத்திலை சொல்லிப்போட்டினம். அதோடை அல்சேஷன் போச்சு."

சாதாரண நாய்க்குப் பதினெட்டு நகம். பின்னங்காலில் உபரியாக ஒவ்வொன்று இருந்தால் அது காவலுக்குக் கெட்டிக்கார நாய் என்பது ஊரின் நம்பிக்கை. வெள்ளச்சியின் குட்டிகளில் ஒரு கறுவல் அப்படி இருந்தது. அதைத் தமக்கென்று வைத்திருக்கத்தான் கந்தப்பர் நினைத்திருந்தார்.

சின்னத்தங்கத்தின் முகம் அன்று விளக்குப் போட்டது போல இருந்தது. "பாத்தியளோ, நாங்கள் போகாமல் அவையே வருகினம். இனிமேல் என்ன, குட்டியைக் குடுத்துப்போட்டுப் பிள்ளையின்ரை விசயத்தைச் சொல்லவேண்டியதுதானே."

"குட்டியைக் குடுத்துப்போட்டோ?" என்றார் கந்தப்பர். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. அவள் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பமாக வந்தார்கள். எம்.பி., அவருடைய மனைவி ஞானாம்பிகை, பள்ளிக்கூடம் போகும் மகள் வத்சலா. முற்றத்தில் சாக்கு விரித்துக் குட்டிகளை விட்டிருந்தது. ஞானாம்பிகை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தியிருந்து ஒவ்வொரு குட்டியின் காலையும் பிடித்து நகம் எண்ணினார். எம்.பி. கறுவலின் வாயைத் திறந்து பார்த்தார்.

"அண்ணம் கறுப்பு. நல்லது. கடிச்சால் கடிச்சதுதான்."

"உங்களுக்கும் அண்ணத்தை ஒருக்காப் பாக்கவேணும்," என்றார் ஞானாம்பிகை எண்ணிக்கொண்டே. "கொழும்புக்குப் போய் ஒருத்தரையும் கடிக்காமல் வாறியள்."

எம்.பி. பெரிதாகச் சிரித்தார். வத்சலாவுக்குக் கறுவல் பிடிக்கவில்லை. சாக்கின் மூலையில் தூங்கிவழிந்த வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று அழுதாள். கறுவலா வெள்ளையா என்று நீண்ட விவாதம் நடந்தது. கந்தப்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். குசினி வாசலில் நின்ற சின்னத்தங்கம் கண்ணாலும் புருவத்தாலும் அவரை உந்தித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கறுவல் வென்றது. எம்.பி. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, தானாகவே கேட்டார்:

"பிறகு என்ன கந்தப்பு, வீட்டுப் பாடுகள் எப்பிடி? மகள் என்ன செய்யிறா?"

கதவு அகலத் திறந்துதான் கிடந்தது.

"பதுளைப் பக்கம் படிப்பிக்கிறா, ஐயா."

"ஆ, நல்லது. நல்ல குளிரான இடம்."

"ஓம் ஐயா. குளிர்தான்."

குசினிக்குள் ஒரு சட்டி தேவைக்கு மேலான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

செவ்வாயும் சனியும் உயிரொன்றை வீட்டுக்கு எடுக்கக் கூடாது என்று ஞானாம்பிகை சொன்னதால் வெள்ளிக்கிழமை குறித்தார்கள். கொடுக்கிறவர் கையாலேயே வர வேண்டும் என்பதும் அவருடைய விருப்பம். கந்தப்பர் குட்டியைப் பனையோலைக் கடகத்தில் இருத்தி, அது வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு திரும்பி ஓடிவராமல் இருக்க மேலே சாக்கால் மூடிக் கட்டி, சைக்கிளில் அரியாலைக்குக் கொண்டுபோனார். புறப்படும்போது சின்னத்தங்கம் வேலிப் படலை வரைக்கும் வந்தாள்.

"இண்டைக்கும் கேளாமல் வந்தால் அந்தக் கடகத்துக்குள்ளை உங்களைத்தான் இருத்திக் கட்டுவன்."

எம்.பி. வீட்டு விறாந்தையில் வழக்கம்போல் ஆட்கள் நீளமான மர வாங்கில் வரிசையாக இருந்து காத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். கந்தப்பரை வாங்கில் இருக்க விடவில்லை. உள்ளே அழைத்துப் பிரம்புக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். ஞானாம்பிகை குட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றிக் காட்டினார். அப்படிக் காட்டினால் நாய் அந்த வீட்டை விட்டுப் போகாதாம். பிறகு அதன் நெற்றியில் திருநீறு. வத்சலா வெள்ளைக் குட்டியை மறந்துவிட்டாள். "டைகர்! டைகர்!" என்று கூப்பிட்டாள்.

"உந்தப் பேர் மட்டும் வேண்டாம்," என்று எம்.பி. அவசரமாகச் சொன்னார். "நான் வெளியிலை நிண்டு டைகர், டைகர் எண்டு கத்த, றோட்டாலை போற ஆமி ஜீப் நிப்பாட்டிக் கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

விறாந்தை முழுவதும் சிரித்தது. வீமன் என்று பெயர் முடிவானது.

வாங்கிலிருந்து முதலில் எழுந்தவர் அருட்பிரகாசம் என்ற கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர். குட்டியின் கழுத்தைச் சொறிந்தபடி, "ராசகளை தெரியுது ஐயா," என்றார். அதே மூச்சில், "என்ரை மருமகன் அம்பாறையிலை கிடந்து கஷ்டப்படுறான்," என்றும் சொன்னார். எம்.பி. மேசையிலிருந்த தொலைபேசியை எடுத்தார். யாரோ ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், இரண்டு பகிடி விட்டுச் சிரித்தார், மருமகனின் பெயரைச் சொன்னார், வைத்தார். "அடுத்த மாதம் இஞ்சை நிப்பார், போம்." கந்தப்பரின் தேத்தண்ணீர் இன்னும் ஆறவில்லை.

இவ்வளவுதானா என்று அவருக்கு இருந்தது. நாயைச் சொறிந்தவருக்கு நடந்தது, நாயைக் கொடுத்தவருக்கு நடக்காதா? கோப்பையை வைத்தார். தொண்டையைச் செருமினார். "ஐயா" என்றும் சொல்லிவிட்டார்.

எம்.பி. அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, அவருடைய தோளில் கையை வைத்து, விறாந்தையைப் பார்த்துச் சொன்னார்: "இந்த மனிசனைப் பாருங்கோ. இந்த வீட்டுப் படியேறி வாற ஆக்களுக்குள்ளை என்னட்டை ஒண்டும் கேளாமல் வந்தது இவர் ஒருத்தர்தான். தன்ரை நாயைத் தூக்கித் தந்திட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறார். இப்பிடிப் பத்துப் பேர் இருந்தால் எங்கடை சனம் எங்கையோ போயிடும்." பிறகு அவரிடம், "ஏதோ சொல்ல வந்தீர்?" என்றார்.

"இல்லை ஐயா. குட்டிக்கு முதல் ரெண்டு மூண்டு நாளைக்குச் சோறு வேண்டாம். பால் மட்டும் வையுங்கோ."

புகழ்ச்சி பெரும்பாலும் ஒருவரை இருந்த இடத்திலேயே இருத்திவிடும். கந்தப்பர் அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வந்தார். மாசியில் போனார், பங்குனியில் போனார். நாயைப் பார்க்க என்பார். ஒவ்வொரு முறையும் ஒரு சீப்புக் கதலி கொண்டுபோனார், அதனால் ஒவ்வொரு முறையும் கேட்க முடியாமல் போயிற்று. வெறுங்கையோடு போனால் கேட்கலாம். வெறுங்கையோடு போக அவருக்குத் தெரியாது.

"நாய்க்குத் தாய்மாமன் சீர் கொண்டு போறார்," என்று சின்னத்தங்கம் வேலிக்கு அப்பால் கேட்கும்படி சொல்லத் தொடங்கினாள். "இஞ்சாருங்கோ, நான் போய்க் கேக்கட்டே?"

"நீ கேட்டாலும் நான் கேட்டதுதான்."

"அப்ப ஆர்தான் கேக்கிறது? வீமனோ?"

சித்திரை விடுமுறையில் பராசக்தி வந்தாள். தகப்பன் இன்னும் கேட்கவில்லை என்று வந்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போகும்போது, "அம்மா, அவரைக் கரைச்சல் படுத்தாதையுங்கோ. பாப்பம்," என்றாள். வைகாசி, ஆனி போயின. ஆடி பிறந்தது. தெற்கில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிகின்றன என்ற செய்தி வந்தது.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. அகதிகளை ஏற்றிய கப்பல்கள் காங்கேசன்துறைக்கு வந்தன. கந்தப்பர் ஒவ்வொரு கப்பலுக்கும் போய்க் கரையில் நின்றார். ஒரு கப்பலில் பராசக்தி வந்தாள். யாரோ கொடுத்த, கணுக்கால் தெரியும் கட்டைச் சேலை. கையில் ஒரு பைகூட இல்லை. "வாங்கோ அப்பா, போவம்," என்றாள். அதற்குப் பிறகு கிழமைக்கணக்காக அறையை விட்டு வெளியே வரவில்லை. கதைத்ததும் மிகக் குறைவு. சின்னத்தங்கம் புருஷனை ஏசுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் கந்தப்பருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

புரட்டாதியில் ஒரு நாள் அவர் வெறுங்கையோடு அரியாலைக்குப் போனார். விறாந்தையில் வாங்கு வெறுமையாகக் கிடந்தது. வீமன் வளர்ந்து முற்றத்தை நிறைத்துக்கொண்டு நின்றான். அவரைப் பார்த்துக் குரைத்தான். உள்ளே பெட்டிகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

கந்தப்பர் நின்றபடியே கேட்டார். முன்னுரை ஏதுமில்லை. மகள் கப்பலில் வந்துவிட்டாள், பதுளைக்கு இனிப் போகமாட்டாள், இங்கே பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட ஐயா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

எம்.பி. கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "உம்மடை மகள் அங்கை எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே, கந்தப்பு."

"நான் சொன்னனான் ஐயா. குட்டி பாக்க வந்த அண்டைக்கு."

"சொன்னனீர். கேக்கேல்லையே." அவருடைய குரலில் எரிச்சல் இருந்தது, உண்மையான வருத்தமும் இருந்தது. "மாசியிலை கேட்டிருந்தால் ஒரு போன். சித்திரையிலை எண்டாலும் அதே ஒரு போன்தான். இப்ப என்ன? தனிநாடு கேக்கமாட்டம் எண்டு பாராளுமன்றத்திலை அவங்கள் எடுக்கச் சொன்ன சத்தியத்தை நாங்கள் எடுக்கமாட்டம் எண்டிட்டம். பதவி போன மாதிரித்தான். நான் போன் எடுத்தால் நடக்கிற காரியமும் நிண்டுபோகும். நாளையிண்டைக்கு இந்தியாவுக்குப் போறம்."

கந்தப்பர் தலையாட்டினார். தன் வாழ்நாளில் கேட்ட முதல் உதவி இப்படி முடிந்ததென்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் படியிறங்குவதற்குள் ஞானாம்பிகை ஓடிவந்தார்.

"நல்ல வேளை நீங்களே வந்தது. வீமனை ஆரிட்டை விடுறதெண்டு வத்சலா நேற்று முழுக்க அழுகை. கண்ட ஆக்களிட்டைக் குடுக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் கொண்டு போங்கோ அண்ணை. மாட்டன் எண்டு சொல்லிப்போடாதையுங்கோ."

மாட்டேன் என்று சொல்லும் பழக்கமும் கந்தப்பருக்கு இல்லை. "ஓம்," என்றார். பிறகு, "ஒரு சாக்கு இருந்தால் தாருங்கோ அம்மா," என்றார். அது உடனே கிடைத்தது.

நீக்கிலாப்பிள்ளை காரில் கொண்டுவந்து விட்டான். பின் ஆசனத்தில், தலையைச் சாக்கால் மூடிய நாயை மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கந்தப்பர் இருந்தார். படலையில் இறங்கியபோது வெள்ளச்சி எழுந்து வந்து மோந்து பார்த்தது. தன் குட்டி என்று அதற்குத் தெரியவில்லை. பல்லைக் காட்டி உறுமியது.

சின்னத்தங்கம் முற்றத்துக்கு வந்தாள். "கேட்டியளோ?"

"கேட்டன்."

"என்ன சொன்னவர்?"

கந்தப்பர் சாக்கை எடுத்தார். வீமன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றான். அவள் நாயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், திரும்ப நாயைப் பார்த்தாள். கிழமைக்கணக்காக அடக்கி வைத்திருந்த குரல் திரும்பி வந்தது.

"இருபது நகமும் சரியா இருக்கோ எண்டு எண்ணிப் பாத்து வாங்கினனியளோ?"

சத்தம் கேட்டுப் பராசக்தி அறை வாசலுக்கு வந்து நின்றாள். நடந்ததை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நாளைக்குக் கல்விக் கந்தோருக்கு நானே போய் அதிகாரியிட்டைக் கேக்கிறன்," என்றாள்.

"நானும் வாறன் பிள்ளை."

"வேண்டாம் அப்பா. நீங்கள் வந்தால் அவைக்கு ஒரு வாழைக்குலையைக் குடுத்துப்போட்டுத் திரும்பி வந்திடுவியள்."

அவள் சொன்னது கோபமா பகிடியா என்று கந்தப்பருக்குப் பிடிபடவில்லை. அவள் சிரிக்கவில்லை. வீமன் படலைக்குப் போய், வெளியே போகும் ஒழுங்கையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எந்தப் பக்கம் அரியாலை என்று அவனுக்குத் தெரியவில்லை. சாக்கு தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.