கமராவுக்குக் கேட்ட ஹோன்

இது நடந்தது போன வருடம், காற்று கடுமையாக வீசுகிற ஒரு மாதத்தின் சனிக்கிழமை காலை. பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், தலவில சந்தியைத் தாண்டிக் கொஞ்ச தூரம். நான் அந்தப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணித ஆசிரியை. அன்றைக்குப் பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு இருந்தது.

எங்கள் ஆசிரியர் அறையில் கார் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர். எல்லோருக்கும் ஒரே கவலை. சுற்றுலாக்காரரின் கடல் சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு பறக்கிற வேன்கள் ஒரு பக்கம், நடுவீதியில் நின்று யோசிக்கிற கழுதைகள் மறுபக்கம். நாளைக்கு ஏதும் நடந்தால் யார் சாட்சி சொல்வது? அதனால் காரின் முன் கண்ணாடியில் ஒட்டி வீதியைப் படம் பிடிக்கிற டேஷ் கமராவைப் பற்றிக் கதை வந்தது. நல்லது வாங்க எங்கள் சம்பளம் காணாது. மலிவானதில் ஒன்றை முதலில் ஒருவர் வாங்கிப் பார்ப்பது, சரிவந்தால் மற்றவர்களும் வாங்குவது என்று முடிவாயிற்று. "டீச்சர்தான் எங்க எல்லாரிலயும் கவனமா ஓட்டுற ஆள். நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஒரு கிழமை அதைச் சோதித்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, புள்ளி போட்டே சோதித்தேன். பகல் வெளிச்சத்தில் படம் துல்லியம். இருட்டினால் முன்னால் போகும் வாகனத்தின் இலக்கம் வெறும் வெள்ளைப் பொட்டு. இரண்டாம் நாள் வெயிலுக்கு ஒட்டுப்பிடி கழன்று கமரா என் மடியில் வந்து விழுந்தது. ஒவ்வொரு குழியிலும் 'கீக் கீக்' என்று கத்தி உயிரை வாங்கியதால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டேன். அந்தக் கிழமையில் அது படம் பிடித்த மிகப் பெரிய குற்றவாளி, வீதியைக் குறுக்கே மறித்து எட்டு நிமிடம் அசையாமல் நின்ற ஒரு கழுதை.

அந்தச் சனிக்கிழமை காலை தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று கண் முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். பிரேக்கை மிதித்தேன். ஆனாலும் காரின் முன்மூலை அதன் பின்சக்கரத்தில் பட்டுவிட்டது. மோட்டார் சைக்கிள் வீதியோர மணலில் சாய்ந்தது. பின்னால் கட்டியிருந்த பெட்டி திறந்து சூடை மீனும் சாளை மீனும் தார் முழுக்கச் சிதறின. எங்கிருந்தோ காகங்கள் வந்து சேர்ந்தன.

இறங்கி ஓடினேன். விழுந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க, கழுத்தில் சிலுவை போட்ட மீன் வியாபாரி. அல்ஹம்துலில்லாஹ், முழங்காலில் சிராய்ப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் எழும்பி, மணலைத் தட்டிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை, "நான் ஹோன் அடிச்சேனே."

"இல்ல அண்ணே, எனக்கு ஒரு ஹோனும் கேக்கல்ல" என்றேன். அது பொய் இல்லை. உண்மையிலேயே எனக்குக் கேட்கவில்லை.

"ரெண்டு தரம் அடிச்சேன். அடிச்சிட்டுத்தான் ரோட்டுக்கு ஏறினேன்."

அதற்குள் சந்திப் பக்கமிருந்து, என்னை டீச்சர் என்று தெரிந்த ஆட்டோக்காரர்கள் வந்துவிட்டார்கள். எனக்குச் சட்டென்று கமரா ஞாபகம் வந்தது. எத்தனை உற்சாகம்! இதற்காகத்தானே வாங்கினோம்! கழற்றிக் கொண்டுவந்து அந்தச் சின்னத் திரையிலேயே போட்டுக் காட்டினேன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிள் வெளியே வருவதும், பிரதான வீதியைக் கடப்பதும், என் கார் படுவதும் தெளிவாகத் தெரிந்தன.

"சின்ன ரோட்டுல இருந்து வாறவர்தான் பாத்து ஏறணும்" என்றார் ஒரு ஆட்டோக்காரர். பிறகு அவரைப் பார்த்து, "ஐயா, வயசு போகுது. கண்ணும் காதும் முந்தி மாதிரி இல்ல. பைக்க வித்துப்போட்டு வீட்டுல இருங்க" என்றார்.

மீன் அண்ணன் திரையை இன்னொரு தரம் பார்த்தார். "அப்ப அடிச்சேன் எண்டு நினைச்சிருக்கேன் போல. பிழை என்னிலதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, குனிந்து மீனைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் கூடப் பொறுக்கினேன். காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். வகுப்புக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கமராவுக்குப் பத்துக்கு ஒன்பது புள்ளி என்றும் அறிவித்தேன்.

பின்னேரம் வீட்டில் என் கணவருக்குக் காட்டுவதற்காக மெமரி கார்ட்டை எடுத்துக் கம்பியூட்டரில் போட்டேன். கமராவில் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால், அப்போதுதான் முதன்முதலாகச் சத்தத்தோடு கேட்டேன்.

முதலில் வந்தது என் குரல். மறந்தே போயிருந்தேன். குறிப்பு எழுத நேரமில்லாததால், ஓட்டிக்கொண்டே கமராவுக்கு என் மதிப்பீட்டைச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன், வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி. "திரையின் கீழே திகதியும் நேரமும் எழுத்தில் வருகின்றன. எழுத்து மிகவும் வடிவாகத் தெரிகிறது..." அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நேரம் இடையில் கேட்டது. பீப். பிறகு இன்னொரு தரம், பீப்.

என் குரல் நிற்கவே இல்லை. "ஆனால் வெயில் பட்டால் கொஞ்சம் மங்கல்" என்று சொல்லி முடித்த பிறகுதான் பிரேக் கீச்சிடும் சத்தம்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மீண்டும் போட்டார். மோட்டார் சைக்கிள் வீதிக்கு ஏறியதிலிருந்து விரலை மடக்கி எண்ணினார். "நாலு செக்கன். நாலு செக்கனும் நீ ரோட்டப் பாக்கல்ல. திரையில எழுத்தப் பாத்திருக்கிற."

எனக்கு முகம் எரிந்தது. ஒரு பொத்தானை அமத்தினால் அந்தப் பதிவு இல்லாமல் போய்விடும். எங்கள் இரண்டு பேரையும் தவிர யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியும் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் குனிந்து மீன் பொறுக்கியதை நினைக்க நினைக்க விரல் அசையவில்லை.

மறுநாள் ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிகிற நேரம் பார்த்துப் பதிவை ஃபோனில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒழுங்கைக் கடையில் விசாரித்தபோது அவர் வீடு கண்டக்குழியில் என்றார்கள். படலை வாசலில் நின்ற அவருடைய மனைவிக்கு என்னைக் கண்டதும் முகம் மாறியது.

"அவரு இனி பைக் ஓட மாட்டாரு டீச்சர். நேத்தே சாவிய வாங்கி அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். அடிக்காத ஹோன அடிச்சேன் எண்டு சொல்ற மனுசன எப்பிடி ரோட்டுல விடுறது?"

மீன் அண்ணன் முற்றத்தில் கதிரையில் சும்மா இருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வீடு வீடாக மீன் கொண்டு போகிறவராம். "அண்ணே, பிழை உங்களில இல்ல. இதக் கேளுங்க" என்று ஃபோனை நீட்டினேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பீப்புக்கு நிமிர்ந்தார். இரண்டாவதுக்குத் தொடையில் ஓங்கி அடித்தார். "கேட்டியா? நான் சொன்னேன்தானே!"

"இன்னொருக்காப் போடுங்க டீச்சர்" என்றார் மனைவி. போட்டேன். மூன்றாம் தரமும் போடச் சொன்னார். பிறகு உள்ளே போனார். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வந்து சாவியைக் கணவரின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டே நின்றார். "உங்களயே நம்பாம விட்டுட்டேனே" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். மீன் அண்ணனுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. "எழுத்து மிகவும் வடிவாகத் தெரிகிறது!" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "அதில என்ன எழுதியிருந்திச்சு டீச்சர்?"

"நேரமும் திகதியும் அண்ணே."

"அப்ப என்னை இடிச்ச நேரம் உங்களுக்குச் சரியாத் தெரியும்!"

மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர், "என்னிலயும் கொஞ்சம் இருக்கு. ஹோன் அடிச்சா நிப்பீங்க எண்டு நினைச்சு ஏறிட்டேன். இனி நிண்டு பாத்துத்தான் ஏறுவேன்" என்றார். புறப்படும்போது மெல்ல ஒன்று கேட்டார். "அந்தச் சந்தி ஆட்டோக்காரருக்கும் இத ஒருக்காப் போட்டுக் காட்டுவீங்களா?"

அதுதான் கடினமாக இருந்தது. ஆறேழு ஆண்களுக்கு நடுவில் நின்று, என் செய்தி வாசிப்பை உரக்கப் போட்டேன். சந்தியே சிரித்தது. பைக்கை விற்கச் சொன்ன ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்காமல், "பின்னேரம் ஐயாவப் பாத்து நானும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலும் போட்டேன். ஒருவர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். கமராவை எல்லோரும் வாங்கினார்கள். திரையை அணைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை.

வகுப்பில் நாளுக்கு நாலு தரமாவது ஒரு பிள்ளை "நான் சொன்னேன் டீச்சர், உங்களுக்குக் கேக்கல்ல" என்று தயங்கிக்கொண்டு எழும்பும். இப்போதெல்லாம் 'இல்லை' என்று சொல்ல வாய் திறக்கும் முன், அந்த நேரம் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.