தானம் கொடுத்த பூட்டும் தராத சாவியும்

வருமான வரி குறையும் என்று கணக்குப் போட்டுத் தானம் செய்த முட்டாள் நான்தான்.

என் பட்டறையில் நானே செய்த பத்துப் பூட்டுகளை அனாதை விடுதிக்குக் கொடுத்து, ரசீதில் விலையையும் நானே எழுதினேன். வரி ஆபீசர் ரசீதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பூட்டு பத்து, சாவியும் பத்துதானா? பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்குமே, இன்னொண்ணு எங்க?”

“எங்கிட்டத்தாங்க. தொலைச்சுட்டு வந்து நின்னா குடுக்கலாம்னு வச்சுக்கறது வழக்கம்.”

“தானம் குடுத்த எடத்துக்கு நீங்க சாவி வச்சிருக்கீங்க. நல்லாருக்கு. பணமாக் குடுத்தாத்தான் வரியில கழியும், பொருளுக்குக் கெடையாது.”

திருடன் என்றே நினைத்துவிட்டாரோ என்று பயந்து, அன்றே சாவிகளை விடுதி வார்டனிடம் கொடுத்தேன். இப்போதெல்லாம் பூட்டை விற்று, பணத்தைத்தான் தானம் கொடுக்கிறேன்.

அன்று சாவிகளை வாங்கிக்கொண்டு வார்டன் சொன்னார்: “ஒத்தச் சாவியோட குடுத்தப்பவே சந்தேகந்தாண்ணே. ஒங்க பூட்டுல ஒண்ணக்கூட நாங்க மாட்டல.”