கல்லாகிப் போன வலது கை

போன ஞாயிறு மத்தியானம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் நாலே பேர். நான், என் மனைவி கமலா, அமெரிக்காவில் படிக்கும் அவள் தம்பி சேகர், எதிர் போர்ஷன் முனுசாமி.

லீவுக்கு வந்த சேகர் புது மாதிரி விளையாட்டு ஒன்று கொண்டுவந்திருந்தான். பலகை கிடையாது. அவன் கதை சொல்வான் – குகை, புதையல், பயங்கரப் பிராணிகள். நாம் ஆளுக்கொரு வீரனாகி, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வீரன் செத்தால் செத்ததுதான்... வீரனின் விவரம் எழுதிய காகிதத்தைச் சேகர் கிழித்துவிடுவான்.

கமலாவின் ஆள் வீரம்மா. மூன்று வாரமாக உயிரோடு காப்பாற்றி வந்தாள். சாம்பார் கொதிக்கும்போதும் வீரம்மா நினைப்புதான்.

அன்று காட்டுக்குள் ஒரு பாழடைந்த கோயில் வந்தது.

"வாளையும் கேடயத்தையும் செருப்போட வாசல்லயே விட்டுட்டேன்" என்றாள் கமலா.

சேகர் விழித்தான். "அக்கா, உள்ள என்ன இருக்கும்னே தெரியாது."

"இருக்கட்டும்டா. கோயிலுக்குள்ள கத்தியோடயா போவாங்க?"

"அக்கா சொல்றது கரீட்டு. நானும் வாசலாண்டயே வச்சுட்டேன்" என்றார் முனுசாமி.

நான் உள்ளே போகவில்லை. செருப்பு திருடு போனால்? கூடவே வாளும் போகுமே? காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே ஒரு பிராணி. சேவல் தலை, பாம்பு வால்.

"சேவல்தானே... கழுத்தைப் புடிச்சுட்டேன்." கமலா பகடையை உருட்டினாள். நல்ல எண் விழுந்தது. அதுதான் வினை. அதைத் தொட்டால் தொட்ட இடம் கல்லாகிவிடுமாம். விரல், மணிக்கட்டு, முழங்கை...

"தோளைத் தாண்டினா வீரம்மா அவ்ளோதான்." சேகர் காகிதத்தைக் கையில் எடுத்தான்.

நான் வாளோடு உள்ளே ஓடுகிறேன் என்று சொல்லிவிட்டு உருட்டினேன். உருட்டிய வேகத்தில் பகடை பீரோவுக்கு அடியில் போய்விட்டது. முனுசாமி குனிந்து பார்த்தார்.

"சேவலை வெட்டிட்டே நைனா. வீரம்மாவுக்கு உசுரு கீது."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்குத் தோன்றியது இதுதான் – புலியிடம் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. சேவல்தானே என்று நினைக்கும் இடத்தில்தான் கையை நீட்டிவிடுகிறோம்.

கல்லான கையைச் சரிசெய்ய ஊர்ப் பூசாரி – அதுவும் சேகர்தான் – ஐந்நூறு பொற்காசு கேட்டார். பாண்டி பஜாரில் பேசுவது மாதிரியே பேசி, கமலா முந்நூறுக்குக் கொண்டுவந்தாள். இருந்த நூற்றிருபதைக் கொடுத்தோம். மீதிக்குத் தவணை சொன்னோம். பூசாரி நம்பி மந்திரம் போட்டார். வீரம்மா விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்... கமலாவும்தான்.

வியாழக்கிழமை சேகர் விமானம் ஏறிவிட்டான். கமலா நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தப் பூசாரிக்கு இன்னும் நூற்றெண்பது பொற்காசு பாக்கி.